கோமளத்துக்குப் பிடித்தது

ஆற்றங்கரை மடத்தில் செண்பகத்தம்மையிடம் பாடம் கேட்டவர்களுள் சபாபதி வயதில் மூத்தவர். ஆசிரியையைவிடவும் பத்து வயது மூத்தவர். அவர் மனைவி கோமளம் இறந்து ஓராண்டு நிறையும் நாளுக்கு முந்திய மாலை, அவர் கேட்டார்:

"தாயே, நாளைப் படையலுக்கு அவள் வருவாளா? இந்த ஓராண்டில் கனவில்கூட வரவில்லை. என்மேல் கோபமோ என்று அஞ்சுகிறேன்."

"எத்தனை பேருக்கு இலை போடுகிறீர்கள்?"

"உறவும் நட்புமாக நாற்பது பேர்."

"இன்னும் ஓர் இலை போடுங்கள். நானும் வருகிறேன்."

மறுநாள் வீடு நிறைந்திருந்தது. விளக்கின் முன்னே தலைவாழை இலையில் பதினொரு வகை உணவு பரிமாறியிருந்தார்கள். எல்லாம் சபாபதி சொல்லிச் செய்வித்தவை.

அம்மை இலையருகே அமர்ந்தார்.

"இந்த வாழைப்பூ வடை யாருக்குப் பிடிக்கும்?"

"எனக்கு, தாயே. வாரம் ஒருமுறை சுடுவாள்."

"மோர்க்குழம்பு?"

"என் தகப்பனாருக்கு."

"அதிரசம்?"

"மூத்த மகனுக்கு."

"கோமளத்துக்கு?"

சபாபதி இலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடினார்.

கோமளத்தின் தங்கை குமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"அத்தான், இது அக்காவுக்குப் படையலா, உங்களுக்கு விருந்தா?"

கூடம் சிரித்தது. சபாபதி சிரிக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அவள் கையால் உண்டவர், எழுந்துபோய் அவள் தோழி, அடுத்த வீட்டுத் தனக்கோடியின் முன் நின்றார்.

"அவளுக்கு என்னம்மா பிடிக்கும்?"

"இதைக் கேட்க இத்தனை நாளா, அண்ணா? புளியங்காய்! உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக்கொண்டு. உங்கள் கொல்லை மரத்துக் காய்தான். நீங்கள் பகலில் கண்ணயர்ந்ததும் எனக்குக் குரல் கொடுப்பாள்."

"புளிப்பு ஏறினால் அக்காவுக்கு வலக்கண் மட்டும் மூடிக்கொள்ளும்," என்றாள் குமுதவல்லி. "அதற்குப் பயந்து, தன் கல்யாணப் பந்தியில் மாங்காய்ப் பச்சடியைத் தொடவே இல்லை!"

சபாபதி கொல்லைக்கு நடந்தார். துரட்டியோடு ஓடிவந்த மகனிடமிருந்து அதை வாங்கித் தாமே பறித்தார். உப்பையும் மிளகாயையும் தாமே இடித்தார். இலையின் நடுவே வைத்து, விளக்கைத் தூண்டினார்.

வழிபாடு முடிந்ததும் புளியங்காய் கைமாறிக் கூடம் முழுவதும் போயிற்று. கடித்தவர் முகமெல்லாம் கோணியது. பேத்தி ஒருத்தியும் கடித்தாள். அவளுக்கு வலக்கண் மட்டும் மூடிக்கொண்டது.

"ஐயோ, கோமளமேதான்!" என்று தனக்கோடி கூவினாள்.

வீடு அதிரச் சிரித்தார்கள். சபாபதியும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு அம்மையின் பக்கம் குனிந்தார்.

"தாயே, வந்துவிட்டாளா?"

"கோமளம் எங்கே போனார், வருவதற்கு? இன்றைக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் ஐயா, இலை போட்டாயிற்று."