நரி கூட்டி வந்த அணில்கள்

ஒரு காட்டில், ஆற்றங்கரை ஆலமரம்தான் எல்லா விலங்குகளுக்கும் களஞ்சியம். மழைக்காலத்துக்கு வேண்டிய தீனியை அவரவர் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அணில்கள் அதை வாங்கி மரப்பொந்துகளில் பத்திரப்படுத்தும். வெள்ளம் வந்தால் தீனியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எல்லோரும் மலையேறிவிட வேண்டும்.

அணில்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு ஒரு குரங்கு ஒரு பொந்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு, அடுத்த பொந்திலும் போய்க் கை நீட்டி, இரட்டைப் பங்கை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும், "இவர் இன்னும் வாங்கவில்லை" என்று எல்லா அணில்களும் தலையாட்டிய பிறகுதான் தீனி வெளியே வரும்.

அணில்களோ மூன்றே மூன்று. வரிசை ஆறுவரை நீளும். போன மழையில் மிளகி என்ற முயல் வரிசையில் நிற்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. பாவம், குட்டிகளை வெறும் வயிற்றோடு மலைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அவை பசியில் அழுத சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. அவ்வளவு நீளக் காதில் விழுந்தது லேசில் போகுமா?

காட்டின் தலைவரான யானை எல்லோரையும் கூட்டி, "இந்த வரிசைக்கு என்ன வழி?" என்று கேட்டது.

நரி முந்திக்கொண்டது. மந்திரி பதவியின்மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண்.

"அணில்களைக் கூட்டுங்கள், தலைவரே! மூன்று அணிலுக்கே இந்த வேகம் என்றால், முப்பது அணிலுக்கு எவ்வளவு வேகம்? நீங்களே கணக்குப் போடுங்கள்."

யானைக்குக் கணக்கு வராது. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் பிடிக்காது. "சரிதான், சரிதான். வரிசை குறைந்தால் நீதான் மந்திரி" என்றது.

நரி பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் போய், கண்ணில் பட்ட அணில்களை அழைத்து வந்தது. ஆலமரத்தில் இலையைவிட வால் அதிகமாகத் தெரிந்தது. பிறகு சோதனை. அதற்கு நரி தேர்ந்தெடுத்த நேரம், காடே தூங்கும் நண்பகல். யானையும் மிளகியும் பார்க்க, தூங்கிய ஆமையை மட்டும் எழுப்பி, "போய் உன் தீனியைக் கேள்" என்றது. வேறு வேலையில்லாத அணில்கள் எல்லாம் ஒரேயடியாகத் தலையாட்டின. ஆமை வாயை மூடுவதற்குள் கிழங்கு அதன் முதுகில் வந்து விழுந்தது.

"பார்த்தீர்களா? ஆமைக்கே இந்த வேகம்!" என்றது நரி. தன்னுடைய காய்ந்த நண்டுகளையும் பெருமையாகக் களஞ்சியத்தில் கொடுத்து வைத்தது.

மிளகி மட்டும் முன்னே வந்தாள். "தலைவரே, ஆமை ஒருவர் வந்தால் யார்தான் சீக்கிரம் கொடுக்கமாட்டார்கள்? நானும் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டுமா?"

"சுண்டைக்காய் அளவு இருந்துகொண்டு உனக்கு என்ன சோதனை?" என்று நரி சிரித்தது.

"பார்த்துவிட்டுத்தான் போகட்டுமே" என்றது யானை.

மறுநாள் காலை மிளகி ஒரு மேட்டில் ஏறி நின்று, மூச்சை நன்றாக இழுத்துக் கத்தினாள். "வெள்ளம்! ஆற்றில் வெள்ளம்! ஓடுங்கள்!"

அவ்வளவுதான். மான், பன்றி, கீரி, முள்ளம்பன்றி எல்லாம் ஆலமரத்தை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தன. எல்லோருக்கும் முன்னால் நரி நின்றது.

"என் நண்டு! சீக்கிரம்!"

ஓர் அணில் தலையை நீட்டி, "நரியார் இன்னும் வாங்கவில்லையே?" என்று கேட்டது.

"பொறு, நான் பன்றியாருக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்!"

"நானோ மானுக்கு!"

"நரியார் என்றால் யார்? நான் நேற்றுத்தான் வந்தேன்."

நுனிக்கிளையில் ஓர் அணில் தூங்கியே போயிருந்தது. அது எழுந்து தலையாட்டும்வரை யாருக்கும் ஒரு கொட்டைகூடக் கிடைக்கவில்லை. மற்றவை மாறி மாறிக் கத்தின.

நரிக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. "ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பது சரியாகத்தான் இருக்கிறது! இத்தனை அணில் இங்கே எதற்கு? எந்த மடையன் கூட்டி வந்தான்?" என்று கூச்சலிட்டது.

யானை மெல்லத் திரும்பி நரியைப் பார்த்தது. நரி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

மிளகி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். "பயப்படாதீர்கள். ஆறு அதன் இடத்திலேயே இருக்கிறது. கூட்டத்தை மட்டும்தான் நான் வரவழைத்தேன்."

"இது என்ன விளையாட்டு?" என்று மான் சீறியது.

"நிஜ வெள்ளமாக இருந்தால், நம் பிள்ளைகள் இப்போது எங்கே இருப்பார்கள்?" என்று மிளகி கேட்டாள். மான் தலையைக் குனிந்துகொண்டது.

"யாரும் வரிசையை விட்டு நகராதீர்கள்" என்றது யானை. "புதிய அணில்கள் ஒவ்வொன்றாக இறங்கட்டும். வரிசை எப்போது ஓடுகிறது என்று பார்ப்போம்."

அணில்கள் இறங்க இறங்க, நின்ற வரிசை நகர்ந்தது. பிறகு நடந்தது. ஏழு அணில்கள் மிஞ்சியபோது ஓடவே ஓடியது. ஏழாவதும் இறங்கியதும், எடுத்துக் கொடுக்கக் கை போதாமல் மறுபடி மந்தமானது. யானை அந்த அணிலைத் தும்பிக்கையால் தூக்கித் திரும்ப மரத்தில் வைத்தது.

"தலைவரே, என் மந்திரி பதவி?" என்று நரி மெதுவாகக் கேட்டது.

"இதோ, முதல் வேலை. மிச்ச அணில்களை அதனதன் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா."

நரி இன்னும் காடு காடாக அணில்களைச் சுமந்துகொண்டிருந்தபோதே நிஜமான வெள்ளம் வந்தது. மிளகியின் குட்டிகள் மலை உச்சியில் உட்கார்ந்து, வாய் நிறையக் கிழங்கைக் கடித்துக்கொண்டு, வெள்ளத்தை வேடிக்கை பார்த்தன.

நீதி: ஆள் கூடினால் வேலை வேகமாகும் என்று நம்பிவிடாதே, நெருக்கடியில் சோதித்துப் பார்த்து, அளவாகக் கூட்டு.