படத்தில் இல்லாத வசனம்

சிற்றம்பலம் தங்கைக்கு அனுப்பிய பொங்கல் சீர், போன ஆட்டோவிலேயே திரும்பி வந்தது. கரும்பு, வாழைத்தார், மஞ்சள் கொத்து, புடவை. எதையும் அவள் தொடவில்லை என்றார் ஆட்டோக்காரர்.

அன்று மத்தியானமே சிற்றம்பலம் ஆற்றங்கரை மடத்துக்குப் போனார். அங்கிருந்த பரிபூரணத்தம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சுகம் சீரைத் திருப்பிட்டாம்மா. கல்யாணமாகிப் போன நாள்லேருந்து இப்படி நடந்ததில்ல."

"என்ன நடந்தது?"

"ஒண்ணுமே நடக்கல. போன வாரம் நூலக மண்டபத்துல படம் பார்க்க வந்தா. பாதியில எழுந்து போனா. அவ்வளவுதான்."

"என்ன படம்?"

மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார்கள். திரையின் கீழே எழுத்து இங்கிலீஷில் ஓடும். படிக்க முடியாதவர்களுக்காகச் சிற்றம்பலம் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து தமிழில் சொல்வார்.

"பனி கொட்டுற ஊரு. ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பன் செத்ததும் மகனுங்க ரெண்டு பேரும் மந்தையையும் நிலத்தையும் பிரிச்சுக்கறானுங்க. படுக்கையில கிடந்தவனுக்குப் பீ மூத்திரம் அள்ளின மகளுக்கு ஒரு கம்பளிப் போர்வை. அதை வாங்கிட்டு அவ வாசல்ல நிக்கிறா பாருங்க... பாவிங்க. அந்த நாட்டுல மனுசனே கிடையாதா?"

"வாசல்ல நின்னு என்ன சொன்னா?"

"'நானும் இந்த வீட்டுலதான் பிறந்தேன்'னு."

"நீங்க மைக்குல அதையே சொன்னீங்களா?"

சிற்றம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொஞ்சம் மாத்தினேன். 'அண்ணன்மாருங்க நல்லா இருக்கட்டும்'னு சொன்னேன். வாசல்ல நின்னு உரிமை கேக்கிற பொண்ணுக்கு நம்ம ஊருல யாரும்மா அழுவா? மண்டபமே விம்மிச்சு. அப்பத்தான் அஞ்சுகம் எழுந்து போனா."

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அவளுக்கா?" என்று சிரித்தவர், பாதியில் நிறுத்தினார். "காலேஜுல அதைத்தான் படிச்சா. ரெண்டாம் வருசம் அப்பா படுத்துட்டாரு. பார்த்துக்க ஆள் வேணுமே. படிப்பு வேண்டாம்னு அவளே சொல்லிட்டா."

"அவளேவா?"

"நிலம் பிரிக்கிறப்பவும் அப்படித்தான். நானும் தம்பியும் அவளை வற்புறுத்தவே இல்ல. எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணனுங்க நல்லா இருந்தாப் போதும்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா. இன்னிக்கும் சொந்தக்காரங்க அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுறாங்க."

"அவ வாயால சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

மொச்சைத் தோல் தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

"பத்திர ஆபீஸுல அதிகாரி, 'சம்மதம்தானேம்மா'ன்னாரு. அவ தலையைக் குனிஞ்சிருந்தா. நேரமாவுதேன்னு நான்தான், 'சம்மதம்தாங்க'ன்னேன்."

"சொந்தக்காரங்ககிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப அங்கயும் அவளுக்கு வசனம் சொன்னது நீங்கதான். மைக்கு மட்டும் இல்ல."

சிற்றம்பலத்தின் கண் கலங்கியது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். படத்துக்கும் அதே துண்டுதான் நனைந்திருக்க வேண்டும்.

"இப்பவே போறேம்மா. அவ கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கிறேன்."

"கேட்டா?"

"பதறிப்போயிருவா. 'அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லண்ணா, உள்ள வந்து சாப்பிடுங்க'ம்பா. அவ மனசு எனக்குத் தெரியாதா?"

அம்மாள் கை நின்றது.

"அதையும் நீங்களே சொல்லிட்டீங்க."