மூன்று கரண்டித் தயிர்

கேளுங்கள், மனிதருக்கு நரையே இல்லாத காலத்துக் கதை இது.

"சாமியிடம் போய்த் தப்பாகச் சொல்லிவிடுவேனோ?" என்று காலதேவனைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் பயந்துகொண்டே நடந்தாள் சிலம்பாயி. மாடு மேய்க்கும் குடியில் பிறந்தவள் அவள்.

அப்போது மனிதர் யாரும் சாகவில்லை. யாரும் வளரவும் இல்லை. அவள் பிள்ளை நூறு ஆண்டாகத் தொட்டிலிலேயே கிடந்தது. அது பிறந்த அன்று பிறந்த கன்று பசுவாகி, கன்று ஈன்று, கிழடாகிச் செத்தும் போனது. பிள்ளை மட்டும் பல் முளைக்காமல் சிரித்தது.

"அண்ணி, இது எத்தனையாவது தொட்டில் கயிறு? உங்க மகன் பேசறதுக்குள்ள காட்டுல நாரே தீந்துடும்!" என்று நாத்தனார் கேலி செய்வாள். சிலம்பாயியும் சிரிப்பாள். பிறகு கொட்டகைக்குப் போய், கன்றுகள் "அம்மா" என்று கத்துவதைக் கேட்டபடி நிற்பாள்.

காலதேவன் முன்னால் அவளுக்கு நாக்கு குழறியது. "சாமி, அவன் என்னை ஒரு தடவை கூப்பிடணும். அவ்வளவுதான்."

காலதேவன் சின்னக் கலயத்தில் தயிர் கொடுத்தான். "மூன்று கரண்டி இருக்கிறது. இதை உண்டவர் வளர்வார், வளர்ந்தவர் நரைப்பார், நரைத்தவர் போவார். உன் நாக்கில் மட்டும் படக்கூடாது."

வீட்டுக்கு வந்து முதல் கரண்டியை எடுத்தாள். கை நின்றது. புளித்திருந்தால்? பிள்ளைக்குத் தொண்டை கட்டினால்? நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினாள்.

பிள்ளை வளர்ந்தது. "அம்மா" என்றது. அன்றே அவள் தலையில் ஒரு முடி வெளுத்தது.

அவன் ஆளாக வேண்டி இரண்டாம் கரண்டி. ருசி பார்த்தாள், கண் மங்கியது. அவனுக்குப் பிறந்த குழந்தை வளர வேண்டி மூன்றாம் கரண்டி. அதையும் ருசி பார்த்தாள்; முழங்கால் தளர்ந்தது.

காலதேவன் வாசலில் வந்து நின்றான். "முதல் தடவை மறந்தாய். மற்ற இரண்டு தடவை?"

"மறக்கல சாமி. புளிச்சிருந்தா என்ன பண்றது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "போகட்டும். உன் நாக்கில் பட்டதைத் துடைத்துவிடுகிறேன். பழையபடி சாகாமல் இரு."

சிலம்பாயி மகனைப் பார்த்தாள். குழந்தையை ஏந்தி நின்றவனின் காதோரம் ஒரு நரை. இவன் போன பிறகும் நான் இருப்பேனா? மறுபடி கொட்டகையில் போய் நின்று, கன்றுகள் கத்துவதைக் கேட்பேனா?

அன்று முதல் பெற்றவர் எல்லாரும் காலதேவனிடம் தயிர் வாங்கி, ருசி பார்த்தே ஊட்டினார்கள். பேரப்பிள்ளை பேசக் கேட்கும் வரைக்கும் என்று மனித ஆயுளும் அமைந்தது. பிள்ளை வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், தமக்கு வரும் மூப்பையும் மனதார ஏற்க வேண்டும்.

சிலம்பாயியோ, காலதேவன் அவள் நாக்கைத் துடைக்கக் கை நீட்டுவதற்குள், கலயத்தின் அடியை வழித்து நக்கிவிட்டாள்.