தொலைந்த கரண்டியும் தொலையாத நிரூபணமும்

ராஜாக்களுக்கு ஓர் ஆசை பிடித்தால் நாட்டுக்கே காய்ச்சல் கண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கணிதப் பைத்தியம் பிடித்தது. வேட்டைப் பைத்தியமாக இருந்திருந்தால் நாலு மானோடு போயிருக்கும். இவருக்கோ நிரூபணம் என்றால் உயிர். "இன்று முதல் நம் நாட்டில் சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். எதையும் நிரூபித்தால் போதும்!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

இதற்குத் தூபம் போட்டவர் கணிதராயர். ஆஸ்தானக் கணிதர்களுக்கெல்லாம் தலைவர். கண்ணால் பார்ப்பது மட்டமான வேலை, உட்கார்ந்த இடத்தில் யோசித்து முடிவு சொல்வதே மேன்மை என்பது அவர் கட்சி. அவர் வாயைத் திறந்தால் போதும், பின்னால் நிற்கும் சீடர்கள், "ஆகா, என்ன சுருக்கம்! என்ன அழகு!" என்று கண்ணை மூடிக்கொண்டு உருகுவார்கள். விகடன் செவ்வந்தியப்பனைக் கண்டால் மட்டும் அவருக்கு வயிறு எரியும். ராஜாவைச் சிரிக்க வைக்கிறவன் அல்லவா!

ராஜாவின் பிறந்தநாள் விருந்து முடிந்த மறுநாள் காலை, பாயசம் பரிமாறும் தங்கக் கரண்டியைக் கொக்கியில் காணோம் என்று காவலாளி கூச்சல் போட்டான். மடைப்பள்ளியில் வேலை செய்யும் ஏழு பெண்களையும் பிடித்துச் சபையில் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி பூங்காவனம், செவ்வந்தியப்பனின் மனைவி.

"எங்கள உள்ள விடுங்க சாமி, தேடிப் பாத்துச் சொல்றோம்" என்று அவள் கெஞ்சினாள்.

"தேடுவதா?" என்று கணிதராயர் முகம் சுளித்தார். "மன்னர் பெருமானே, அரண்மனைப் பொருள் எதுவும் அதற்குரிய இடத்தில்தான் இருக்கும். இது எடுகோள். எடுகோளை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கரண்டிக்குரிய இடம் கொக்கி. கொக்கியில் கரண்டி இல்லை. ஆகவே அது மடைப்பள்ளியிலேயே இல்லை. மடைப்பள்ளிக்கு வாசல் ஒன்றுதான். நேற்றிரவு அதைக் கடந்து சென்றவர்கள் இவர்கள் மட்டுமே. ஆகவே இவர்களுள் ஒரு திருடி உண்டு. நிரூபணம் முற்றிற்று!"

"அபாரம்! யார் அந்தத் திருடி?"

"உண்டு என்று நிறுவுவதோடு கணிதத்தின் கடமை முடிந்தது, பெருமானே. இன்னார் என்று கண்டுபிடிப்பது சேவகர் வேலை."

சீடர்கள் உருகினார்கள். ராஜாவும் உருகி, ஏழு பேரையும் சிறையில் தள்ளச் சொன்னார். மடைப்பள்ளிக்கு முத்திரை விழுந்தது.

செவ்வந்தியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெருமானே! ஒருத்தி திருடி என்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஆறு பேர் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களை எந்தக் கணக்கில் அடைக்கிறீர்கள்?"

"நிரூபணத்தை எதிர்த்துப் புலம்பாதே" என்றார் ராஜா. "நாளை பொழுது சாய்வதற்குள் கரண்டியைக் கொண்டுவா. இல்லையேல் ஏழு பேரும் நாடு கடத்தப்படுவார்கள்."

"முத்திரையைத் தொடாமல் கொண்டுவரட்டும்" என்று சேர்த்துக்கொண்டார் கணிதராயர்.

சிறைக்கு ஓடினான் செவ்வந்தியப்பன். உள்ளே ஒருத்தி பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து, பால் கட்டிய வலியில் சுவரில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் விகடனுக்கு விகடம் மறந்துபோயிற்று.

"கடைசிப் பந்தி எந்திரிக்க நடுச்சாமம் ஆயிருச்சு" என்றாள் பூங்காவனம். "காலைல கழுவிக்கலாம்னு பாத்திரத்த எல்லாம் அப்படியே போட்டுட்டுப் போனோம். விடிஞ்சு வந்தா வாசல்லயே புடிச்சுட்டாங்க. பாத்திரத்தக் கழுவினாத்தானே எது எங்க கெடக்குன்னு தெரியும்? அதச் சொன்னா அந்த மனுசன் காதுலயே வாங்கலையே!"

மறுநாள், அந்த அழகான நிரூபணத்தைப் பாராட்டிக் கணிதர்களுக்கு விருந்து என்றார் ராஜா. விருந்துப் பொறுப்பைச் செவ்வந்தியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டான். வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டான், தண்ணீர் தெளித்தான், கைகட்டி நின்றான். நேரம் போயிற்று. இலையில் உப்புக்கூட விழவில்லை.

"விருந்து எங்கே?" என்று உறுமினார் கணிதராயர்.

"அரிசியும் பருப்பும் அரண்மனைக்குள் வந்தன, ஐயா. வெளியே போகவில்லை. ஆகவே அரண்மனைக்குள் விருந்து உண்டு. நிரூபணம் முற்றிற்று. எங்கே என்று கண்டுபிடிப்பது சேவகர் வேலை. எல்லோரும் எழுந்து கை கழுவலாம்."

"மடையா! நிரூபணத்தால் வயிறு நிறையுமா?"

"நேற்று ஒரு சிறையே நிறைந்ததே, ஐயா! வயிறு என்ன, அதைவிடப் பெரிதா?"

ராஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்கும் பசிதான். "சரி சரி, சோற்றைப் போடு."

"பாத்திரங்கள் கழுவாமல் முத்திரைக்குள் கிடக்கின்றன, பெருமானே. கழுவுகிறவர்கள் சிறையில். தாங்கள் முத்திரையை உடைத்தால், பசிக்கிறவர்கள் கழுவிக்கொள்ளட்டும்."

அந்த வேடிக்கையைப் பார்க்க ராஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது. கணிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைப்பள்ளிக்குள் நுழைந்தார்கள். "தலைவருக்குத் தலைமைப் பாத்திரம்" என்று பாயச அண்டாவைக் கணிதராயர் முன் உருட்டிவிட்டான் செவ்வந்தியப்பன். முகம்தான் சிரித்தது. கரண்டி இதில் இல்லாவிட்டால் பூங்காவனம் கதி என்ன என்று உள்ளே அடித்துக்கொண்டது.

அடிபிடித்துப் புளித்த பாயசத்துக்குள் கணிதராயர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கை வரை கையை விட்டார். உள்ளே ணங்கென்றது. இழுத்தார். தங்கக் கரண்டி வந்தது.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கணிதராயரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தே நின்றார். "என் நிரூபணத்தில் பிழையே இல்லை. எடுகோளில்தான் ஒரு சிறு பிழை."

"சிறு பிழையா?" செவ்வந்தியப்பன் போட்ட சத்தத்தில் சீடர்கள் பின்வாங்கினார்கள். "அந்தச் சிறு பிழைக்குள்தான் ஐயா, ஏழு பெண்கள் நேற்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறார்கள்! ஒரு தாய் பால் கட்டித் துடிக்கிறாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தால் உம் கணிதம் தேய்ந்தா போகும்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. சிறைச் சாவியோடு அவரே நடந்தார். கதவு திறந்ததும் குழந்தைக்காரி யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள். கரண்டியை விற்று ஏழு பேரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றார் ராஜா. செவ்வந்தியப்பனுக்கு ஒரு கிராமத்தை எழுதிவைத்தார். அப்போதும் விடாமல் பக்கத்தில் வந்து நின்ற கணிதராயர், "பெருமானே, அடியேனுக்கு?" என்று இழுத்தார்.

"உமக்கும் நம் நாட்டில் ஒரு கிராமம் உண்டு, கணிதராயரே. எது என்று கண்டுபிடிப்பது உம் வேலை!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், பூங்காவனத்தைத் தவிர.

"சிரிச்சது போதும் ராசா" என்றாள் அவள். "எங்களப் புடிச்சு அடைச்ச அந்த உத்தரவு இன்னும் அப்படியேதானே இருக்கு?"

ராஜா அவள் முகத்தைப் பார்த்தார். உத்தரவை அங்கேயே கிழித்துப் போட்டார். அதன்பின் அந்த நாட்டில் யாரையும் பூட்டுவதற்கு முன்னால் அண்டாவைக் கவிழ்த்துப் பார்ப்பது சட்டமாயிற்று.