விரித்து வைத்த கட்டங்கள்

காட்டுக் குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றி தனியாக வசித்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முள் குத்துமே!

காட்டை ஒட்டி ஒரு தையற்கடை இருந்தது. அதன் பின்பக்கம் கொட்டிக் கிடந்த வெட்டுத்துணிகளை முள்ளம்பன்றி கவ்விக்கொண்டு வந்தது. உதிர்ந்த தன் முள்ளையே ஊசியாக்கி, துண்டோடு துண்டு சேர்த்துச் சதுரக் கட்டங்களாகத் தைத்தது. நான்கு கட்டங்களில் வாசலுக்கு ஒரு திரை. இரண்டில் விருந்தாளிக்கு ஒரு சிறு மெத்தை. மிச்சக் கட்டங்களை இணைத்துத் தனக்கு ஒரு தடித்த சட்டை தைத்துவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டால் முள் குத்தாது. யாராவது நெருங்கி உட்காருவார்கள்.

எந்த நிறத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்க்க, கட்டங்களை வளை முழுவதும் பரப்பி வைத்தது.

அன்று ஆமை வந்து திரையை விலக்கியது.

“அக்கா, உள்ளே வரலாமா?”

“ஐயோ, மிதிக்காதே! எல்லாம் கலைந்துவிடும்!”

“வாசலில் இவ்வளவு அழகான திரை! உள்ளே கால் வைக்க இடமில்லையே!” ஆமை சிரித்தது. “குளம் வற்றிக்கொண்டே வருகிறது, அக்கா. மழை வரும்வரை இங்கே ஓர் ஓரமாகக் கிடக்கிறேனே.”

முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது. ஓரத்துச் சிவப்புக் கட்டங்களை எடுத்தால் போதும். ஆனால் மூன்று நாள் பார்த்துப் பார்த்து அடுக்கியது. மனம் வரவில்லை.

“சட்டை முடியட்டும், தம்பி. நானே வந்து கூப்பிடுகிறேன்.”

“வெயில் காத்திருக்குமா?” என்றபடி ஆமை மெல்லத் திரும்பி நடந்தது.

ஆறாம் நாள் சட்டை முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டு முள்ளம்பன்றி குளத்துக்கு ஓடியது. அங்கே சேறு கட்டம் கட்டமாக வெடித்துக் கிடந்தது.

“ஆமைத் தம்பீ!”

மரத்திலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. “அது மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இனி வராதாம். ஆமாம், இந்த வெயிலில் இதென்ன கோலம்?”

“தம்பிக்கு முள் குத்தக் கூடாதே என்று...”

“ஆமைக்கா?” அணில் வாலை உதறிச் சிரித்தது. “அதன் ஓட்டை உன் முள் என்ன செய்யும்!”

முள்ளம்பன்றி குனிந்து தன் சட்டையைப் பார்த்தது. பிறகு, “நீயாவது இறங்கி வந்து உட்காரேன். இப்போது குத்தாது” என்றது.

“தரையிலா? எனக்குக் கிளைதான் பழக்கம்!” அணில் அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

முள்ளம்பன்றி வளைக்குத் திரும்பித் திரையை விலக்கியது. இப்போது விருந்தாளி மெத்தையைத் தவிரத் தரை முழுவதும் காலியாக இருந்தது.

வாசலுக்கு வந்தவருக்கு முதலில் இடம் கொடுக்க வேண்டும். அவருக்காகச் செய்யும் ஏற்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.