முப்பத்தோராம் நம்பர்க் கதவு

"ஓட்டுறவன்ர கதவிலை இடிச்சால் என்ன செய்வினம், ரீச்சர்?"

நாகேந்திரம் வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான். எப்படி வெல்லலாம் என்று கேட்கவில்லை. உயிர் தப்புமா என்றுகூடக் கேட்கவில்லை.

ரீச்சர் ஒரு காருக்கு அடியில் கிடந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"போட்டியிலை இருந்து வெளியிலை போடுவினம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப சரி. எனக்கும் ஒரு கார் செய்து தாங்கோ."

"செய்து தாறேல்லை. காட்டித் தாறன். நீங்கள்தான் செய்யவேணும்."

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். இலையுதிர்காலச் சந்தையில் வருஷா வருஷம் கார் இடிக்கிற போட்டி வைப்பார்கள். பழைய பெரிய கார்களைச் சேற்றில் இறக்கி, ஒன்றை ஒன்று இடிக்க விடுவது. கடைசிவரை எது அசைகிறதோ அது வென்றது. எங்கே இடிக்கலாம் என்று கேட்டால் எங்கேயும் இடிக்கலாம், ஓட்டுபவனின் கதவைத் தவிர. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான்.

பவளராணி அந்தச் சேற்றில் பதினான்கு வருஷம் கார் விட்டவர். ஒருமுறை கதவில் வாங்கினார். அன்றிலிருந்து கழுத்து இடப்பக்கம் திரும்பாது. இப்போது தன் கொட்டிலில் மற்றவர்களுக்குக் கார் செய்யக் காட்டிக்கொடுக்கிறார். எல்லோரும் ரீச்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் போனது பிள்ளைகளை ஏற்றி இறக்க மட்டும்தான்.

நாகேந்திரம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபத்தாறு வருஷம் டாக்சி ஓட்டியவர். ஒருவரையும் இடித்ததில்லை. ஏச்சு வாங்கியிருக்கிறார், துப்பல் வாங்கியிருக்கிறார், வழி விட்டிருக்கிறார்.

ரீச்சர் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஆற்ர கதவு?"

"என்ர தம்பியின்ர."

ரீச்சர் துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"குகதாசன். சந்தைக்காரரின்ர பட்டியலிலை பேர் கிடக்கு. அப்பாவின்ர செத்தவீட்டண்டு நான் ஒட்டாவாவிலை சவாரியை இறக்கிவிட்டிட்டு வந்துகொண்டிருந்தன். பனி. றோட்டுப் பூட்டிப்போட்டாங்கள். நாப்பது நிமிஷம் பிந்தினன். மூத்தவன் நான் இருக்க, கொள்ளியை அவன் வைச்சிட்டான்."

இங்கே கொள்ளி என்றால் ஒரு பச்சைப் பட்டன். சுடுகாட்டில் குறித்த நேரத்தில் யாராவது அதை அமுக்கவேண்டும்.

"எட்டு வருஷம் கதை பேச்சில்லை" என்றார் நாகேந்திரம். "எனக்கு அலுத்துப்போச்சு, ரீச்சர். ஒரே ஒரு இடி. அதோடை முடியட்டும்."

ரீச்சர் ஒரு சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

"முதல்லை கண்ணாடி எல்லாத்தையும் உடையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை நாகேந்திரத்தின் நாள். மற்றவர்கள் கிழமை நாட்களில் வந்து தங்கள் காரைச் செய்துவிட்டுப் போவார்கள். யார், எவர் என்று அவர் விசாரிக்கவில்லை. தம்பி எங்கே கார் செய்கிறான் என்றும் விசாரிக்கவில்லை. எட்டு வருஷமாக அவனைப் பற்றி எதையும் விசாரிப்பதில்லை.

தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நாகேந்திரத்துக்குப் படையே தம்பிதான்.

அவருடைய கார் அந்த டாக்சியேதான். கண்ணாடியை உடைத்தார். பின் சீற்றைக் கழற்றினார். சீற்றுக்கு அடியில் ஒரு குழந்தையின் கையுறை, இரண்டு பேனை, யாரோ தேடித் தேடிக் களைத்திருக்கக்கூடிய, கொத்திலிருந்து கழன்ற ஒரு வீட்டுத் திறப்பு. பெற்றோல் தாங்கியை இறக்கினார். பற்றறியை உள்ளே கொண்டுவந்து கட்டினார். இடுப்பு விட்டுப்போனது. இடது தோளில் பழைய நோவு. இருபத்தாறு வருஷம் பெல்ட் அறுத்த தோள். அப்பா இருந்தபோது நல்லெண்ணெய் தேய்த்து விடுவார்.

"எல்லாம் கழட்டியாச்சு. இனிக் கதவோ?"

"ஓம். கதவுதான். ஆனால் உங்கட இல்லை."

அந்தக் கொட்டிலில் ஒரு வழக்கம். தன் கதவைத் தான் செய்யக் கூடாது. ஒருவன் கதவை இன்னொருவன் செய்யவேண்டும். வெளியே இரும்புத் தகடு, உள்ளே மெத்தை, இரண்டையும் பிடிக்கப் போல்ட்.

"இதென்ன விசர் வழக்கம்?"

"தன்ர கதவெண்டால் 'எனக்கு ஒண்டும் ஆகாது' எண்டு ஏனோதானோவெண்டு செய்வினம்" என்றார் ரீச்சர். "உந்த முப்பத்தொண்டைச் செய்யுங்கோ."

மூலையில் ஒரு நீலக் கார் நின்றது. கூரையில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

"ஆற்ர கார்?"

"உள்ளுக்கை இருக்கப்போறவன்ர."

நாகேந்திரம் அரை மணித்தியாலத்தில் முடித்தார். ஒரு பழைய கால்மிதியை மடித்து வைத்து, தகட்டைச் சாத்தி, நான்கு போல்ட்.

"காணுமோ, ரீச்சர்?"

"உள்ளுக்கை ஏறி இருங்கோ."

யன்னல் வழியாக ஏறி இருந்தார். ரீச்சர் பெரிய சம்மட்டியைத் தூக்கி வெளியிலிருந்து தகட்டில் ஒன்று போட்டார்.

இடது தோளைப் பிடித்துக்கொண்டு நாகேந்திரம் குனிந்தார். கண் கலங்கிவிட்டது.

"இது ஒரு பொம்பிளையின்ர கை" என்றார் ரீச்சர். "அங்கை வாறது ரெண்டு தொன் இரும்பு. இப்ப நீங்கள் சொல்லுங்கோ, காணுமோ?"

"இன்னொரு கால்மிதி வைக்கிறன்."

வைத்தார். போல்ட் நான்கோடு நின்றது. தகட்டில் எட்டு ஓட்டை இருந்தது. மற்ற நாலையும் பூட்டக் கை ஓடவில்லை. அவருடைய கார் இல்லைத்தானே.

ரீச்சர் அந்த வெறும் ஓட்டைகளைப் பார்த்தார்.

போட்டிக்கு முந்திய ஞாயிறு.

நாகேந்திரம் வந்தபோது ரீச்சர் வெள்ளைப் பெயின்ற்றும் தூரிகையும் ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருந்தார்.

"கதவிலை பேர் எழுதவேணும். கதவு செய்த ஆள்தான் எழுதுறது. முப்பத்தொண்டிலை எழுதுங்கோ."

நாகேந்திரம் கடதாசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

குகதாசன்.

"ரீச்சர்."

"ஓம்."

"இது தெரிஞ்சுதான் என்னட்டைத் தந்தனீங்களோ?"

"நீங்கள்தானே அந்தக் கதவைப் பற்றி முதல்லை கேட்டது."

நாகேந்திரம் நீலக் காரைப் பார்த்தார். நான்கு போல்ட். நான்கு ஓட்டை. அந்த ஓட்டைகளுக்குள் சந்தைச் சேறு இப்போதே தெரிந்தது. அவருக்கு முதலில் வந்தது பயம். எட்டு வருஷமாக நினைத்து நினைத்து வைத்திருந்த இடி, இந்தத் தகட்டில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மற்றது நினைவு வந்தது.

"அப்ப என்ர கதவு?"

ரீச்சர் தாடையை நீட்டிக் காட்டினார்.

டாக்சி கொட்டிலின் மறுபக்கத்தில் நின்றது. நாகேந்திரம் போய்ப் பார்த்தார். எட்டு ஓட்டையிலும் எட்டுப் போல்ட். எட்டும் இறுக்கி, மேலே கறல் பிடிக்காமல் கிறீஸ் பூசியிருந்தது. உள்ளே கையை விட்டார். மெத்தை. அதற்குப் பின்னால் இன்னொரு மெத்தை. தோள் வருகிற உயரத்தில் மட்டும் மூன்றாவதாக ஒன்று, அளவாக வெட்டி, நூலால் தைத்திருந்தது.

"அவனுக்குத் தெரியுமோ, இது என்ர கார் எண்டு?"

"டாக்சி நம்பர் பின்பக்கம் இன்னும் அழியேல்லை. வந்த அண்டைக்கே கண்டிட்டார்."

"நான் என்னத்துக்கு வாறன் எண்டு?"

"அதையும் நான் சொன்னனான்."



"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

ரீச்சர் கழுத்தோடு உடம்பையும் சேர்த்துத் திருப்பி அவரை நேரே பார்த்தார்.

"'அண்ணைக்கு இடது தோளிலை நோ. அதுக்கு ஒரு மெத்தை காணுமோ?' எண்டு கேட்டவர்."

நாகேந்திரம் பக்கத்தில் கிடந்த பழைய ரயரில் அமர்ந்தார். அழுகை வந்தது, அழுதார். ரீச்சர் தன் பாட்டில் பெயின்ற்றைக் கலக்கிக்கொண்டு நின்றார். வெளியே யாரோ ஒரு காரை முடுக்கிப் பார்த்து நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் நாகேந்திரம் எழும்பி முகத்தைச் சட்டையில் துடைத்தார். நீலக் காரடியில் போய்க் குந்தி, முதலாவது வெறும் ஓட்டைக்குள் விரலை விட்டு அளவு பார்த்தார்.

"ரீச்சர்."

"ஓம்."

"இன்னும் நாலு போல்ட் இருக்கோ?"