வனமாலினியின் முகத்தில் ஒரு மடிப்பு

"வீட்டுல இருக்குற படத்தையே மறுபடியும் ஏலத்துல எடுத்துட்டேன்," என்றார் தேவநாதன்.

அம்மை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மறந்துட்டீங்களா ஐயா?"

"இல்ல. இருக்குன்னு நல்லாத் தெரியும்."

"பின்ன?"

"மொய்தீன் பாய் அதுக்கு முன்னால நின்னாரு."

"நின்னா?"

"அவர் நின்னா அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். விட மனசு வரல."

அம்மை கீரைக்காம்பை ஓரமாகப் போட்டார்.

திருநீர்மலை அடிவாரத்தில் அம்மையின் வீடு இருந்தது. கேள்வியோடு வருகிறவர்கள் வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள். பெரும்பாலும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தேவநாதனும் அப்படித்தான். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் சேர்ப்பது சினிமா நட்சத்திரங்களின் பழைய விளம்பரப் படங்கள். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் பத்திரிகைகளுக்கும் கொட்டகைகளுக்கும் அனுப்பிவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அதிலும் ஒரே ஒரு நடிகையின் படங்கள்தான். வனமாலினி. கொஞ்ச காலம் நடித்தார். பிறகு நடிக்கவில்லை. ஊர் மறந்துவிட்டது.

மறக்காதவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் இரும்புக்கடை மொய்தீன் பாய்.

"உங்ககிட்ட என்னென்ன படம் இருக்கு?" என்று கேட்டார் அம்மை.

"அவர்கிட்ட குதிரை மேல உக்காந்த படம் இருக்கு. குடை பிடிச்சது இருக்கு. கப்பல் செட்டுல எடுத்தது இருக்கு."

"உங்ககிட்டன்னு கேட்டேன்."

தேவநாதன் யோசித்தார். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ராத்திரி படுத்தா அந்தக் குதிரைதான் வருது," என்றார். "இந்தப் பொறாமை போகணும் அம்மா. ஒரு வழி சொல்லுங்க."

"ஏலத்துல எங்க உக்காருவீங்க?"

"வலது கோடியில. அவர் இடது கோடி."

"அடுத்த தடவை அவர் பக்கத்துல உக்காருங்க."

"உக்காந்து?"

"அவ்வளவுதான்."

அம்மை கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

*

ஏலம் தொடங்குவதற்கு முன் படங்களை நீள மேசையில் பரப்பிவைப்பார்கள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். வெளியே எடுக்கக் கூடாது. விரல் படக் கூடாது.

அந்த நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்கு வேண்டிய படத்தின் முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். வேண்டாத படத்தின் முன்னால் நின்று, கன்னத்தில் கைவைத்து, பெருமூச்சு விடுவார்கள். எதிராளி ஏமாந்து அதற்கு விலை ஏற்றுவான்.

பெருமூச்சில் மொய்தீன் பாயை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே தேவநாதன் மேசையைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். பாயின் கால்களைத்தான் பார்ப்பார்.

அன்று பாய் மேசைப் பக்கமே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. அதன்மேல் கறுப்புக் கண்ணாடி.

தேவநாதன் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"யாரு?"

"தேவநாதன்."

"அட, சாரா? வழி தவறி வந்துட்டீங்களா? உங்க இடம் அந்தக் கோடியில்ல?"

"கண்ணுக்கு என்ன பாய்?"

"புரை. ஒண்ணு அறுத்தாச்சு. இன்னொண்ணுல பனி மூட்டம். நீங்க இப்ப எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான். உங்க முகம் தெரியாதது ஒருவிதத்துல நிம்மதி."

தேவநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"டாக்டர் வெளிய போகாதேன்னாரு. வீட்டுல திட்டுறாங்க. ஆனா இன்னிக்கு அந்தப் படம் வருதே சார். எப்படி வராம இருக்கிறது?"

"எந்தப் படம்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க பாத்தீங்களா. வெளிவராத படத்துக்கு எடுத்த ஸ்டில். ஊருக்கே ஒரு பிரதிதான். இருபது வருஷமா அது எங்க போச்சுன்னு தேடுறேன். நீங்களும்தான்."

தேவநாதனும்தான் தேடினார்.

பாய் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவி செய்யுங்க. உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான். ஆனா இங்க வேற யாருக்கும் அவங்க முகம் தெரியாது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. படம் எப்படி இருக்கு?"

தேவநாதன் எழுந்து போனார்.

மேசையின் கடைசியில் இருந்தது அது. அவர் குனிந்தார். நான்கு மூலைகளையும் பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். குண்டூசித் துரு இல்லை, பூஞ்சை இல்லை, கிழிசல் இல்லை. நேற்றுத்தான் கழுவிக் காயவைத்தது போலிருந்தது.

இது பாயின் வீட்டுச் சுவரில் தொங்கும், என்று நினைத்தார். குதிரைக்குப் பக்கத்தில்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார் பாய். காதைச் சாய்த்துக்கொண்டார்.

"மடிப்பு இருக்கு பாய்."

"எங்க?"

"முகத்துல. இடது புருவத்துக்கு மேல ஆரம்பிச்சு உதடு வரைக்கும் வருது."

பாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

சேகரிப்பவர்களின் உலகத்தில் மூலை மடிந்த படத்தை மன்னிப்பார்கள். முகத்தில் மடிப்பு விழுந்த படத்தை மன்னிக்க மாட்டார்கள். கோடு விழுந்த இடத்தில் மேல்பூச்சு உதிர்ந்து வெள்ளை தெரியும். பிறகு கண் அந்தக் கோட்டை மட்டும்தான் பார்க்கும்.

"பாவம்," என்றார் பாய் கடைசியில். "எவனோ புத்தகத்துக்குள்ள வச்சு மடிச்சிருக்கான்."

படம் ஏலத்துக்கு வந்தபோது அவர் கை தூக்கவில்லை.

தேவநாதன் தூக்கினார்.

வேறு யாரும் தூக்கவில்லை.

"எடுத்துட்டீங்களா?" என்றார் பாய். "மடிப்போடவா?"

"ஆமா."

பாய் அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

"நான் விட்டுட்டேன். நீங்க விடல. இத்தனை நாளா நான்தான் பெரிய ரசிகன்னு நினைச்சிருந்தேன் சார். இல்ல போலிருக்கு."

வெளியே போகும்போது எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

*

தேவநாதன் படத்தை வரவேற்பறையில் மாட்டினார். அடுத்த நாள் படுக்கையறைக்கு மாற்றினார். அதற்கடுத்த நாள் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பார்க்க வந்தவர்களிடம், "சரிசெய்யக் குடுத்திருக்கேன்," என்றார்.

இருபது வருஷமாகத் தேடிய படம். யாரிடமும் காட்ட முடியவில்லை. பாயின் குதிரை இன்னமும் ஊருக்கெல்லாம் தெரியும்படி சுவரில் நின்றது.

பாயின் குதிரைமேல் அவருக்குப் பொறாமை கூடியது. அதைவிட, பாயின் தூக்கத்தின்மேல் கூடியது.

ஒருநாள் தொலைபேசி வந்தது.

"கட்டுப் பிரிச்சாச்சு சார். இன்னொரு கண்ணும் அறுத்தாச்சு. உலகம் பளிச்சுனு இருக்கு. எங்க வீட்டுச் சுவத்துல இவ்வளவு அழுக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"சந்தோஷம் பாய்."

"நாளைக்குச் சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்புறம் வரேன். அந்தப் படத்தை ஒரு தடவை பாக்கணும். மடிப்போட இருந்தாலும் பரவாயில்ல. முகம் முகந்தானே."

*

"அவர் வராரு," என்றார் தேவநாதன்.

விடிந்ததும் முதல் பேருந்தில் வந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். அம்மை குறுக்கிடாமல் கேட்டார்.

"பக்கத்துல உக்காரச் சொன்னீங்க. உக்காந்தேன். அதான் இவ்வளவும் ஆச்சு."

"ஆமா."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"படம் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மை உறையிலிருந்து அதை வெளியே எடுத்தார். கீரை ஆயும் பலகையைத் துடைத்து, அதன்மேல் வைத்தார்.

"மடிப்பு எங்கன்னு சொன்னீங்க?"

"இடது புருவத்துக்கு மேல."

"இங்கயா?"

"கொஞ்சம் தள்ளி."

"எது வரைக்கும்?"

"உதடு வரைக்கும். ஏம்மா?"

அம்மை படத்தின் மேல் விளிம்பை ஒரு கையாலும், கீழ் விளிம்பை மறு கையாலும் பிடித்தார்.

"ஒரு நிமிஷ வேலை ஐயா. அழுத்தி ஒரு தடவை நகத்தால தேச்சுட்டா போதும். அப்புறம் நீங்க சொன்னது பொய்யில்ல. அவர் வந்து பாக்கட்டும். நீங்க தலை நிமிந்து நிக்கலாம்."

காகிதம் வளைந்தது. அதன் பளபளப்பில் வெளிச்சம் நகர்ந்து, நெற்றியைத் தாண்டி, கண்ணுக்கு வந்தது.

தேவநாதன் அம்மையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்."

"ஏன்?"

அவர் பிடியை இறுக்கினார்.

"இப்படியே இருந்தா பாய்க்குத் தெரிஞ்சுடும்," என்றார் அம்மை.

"தெரியும்."

"ஊருக்கும் தெரியும்."

"ஆமா."

"மடிச்சுட்டா தெரியாது."

தேவநாதன் பிடியை விடவில்லை.

அம்மை காகிதத்தை மெல்லத் தளர்த்தினார். அது தானாக நிமிர்ந்தது. உறைக்குள் போட்டு தேவநாதன் மடியில் வைத்தார்.

"பஸ் வர நேரம். கிளம்புங்க."

*

மொய்தீன் பாய் பலகாரப் பொட்டலத்தோடு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நேரே ஜன்னல் பக்கம் போய்க் கையை நீட்டினார்.

தேவநாதன் படத்தைக் கொடுத்தார்.

பாய் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மடிப்பைத் தேடுகிறவர்கள் செய்வதுபோல வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மடிப்பு எங்க சார்?"

"இல்ல."

"சரிபண்ணிட்டீங்களா?"

"இல்ல."

பாய் மறுபடி படத்தைச் சாய்த்தார்.

"உறை மடிஞ்சிருந்திருக்கும்," என்றார் மெதுவாக. "அந்த ட்யூப்லைட் வெளிச்சத்துல பிளாஸ்டிக் மடிப்பு படத்து மேல விழுந்த மாதிரியே தெரியும். எனக்கே அப்படி ஆயிருக்கு. அதத்தான் நீங்க பாத்திருப்பீங்க."

தப்பிக்க வாசல் திறந்திருந்தது. ஒரு 'ஆமாம்' போதும்.

"இல்ல பாய்," என்றார் தேவநாதன். "மடிப்பு இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. அதன் இரைச்சல் அடங்கியது.

"என் கண்ணு கட்டியிருந்தது," என்றார் பாய்.

"ஆமா."

"ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமையா சொன்னேன்."

"கேள்விப்பட்டேன்."

"பலகாரம் வேற வாங்கிட்டு வந்தேன்."

தேவநாதன் தலை குனிந்துகொண்டார்.

"படத்தை நீங்களே வச்சுக்கங்க பாய். உங்களுக்குத்தான் வந்திருக்கணும்."

"குடுத்தா வாங்கிக்கிறதுக்கு நான் என்ன கலியாண வீட்டுக்கா வந்திருக்கேன்?"

பாய் படத்தை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபத்தோடு கைகளை முழங்கால்களில் அழுத்திக்கொண்டார்.

பிறகு கண்களை மூடினார். புதிதாகச் சரியான இரண்டு கண்களையும்.

"சொல்லுங்க," என்றார்.

"என்ன?"

"அன்னிக்கு உங்களை ஒண்ணு கேட்டேன். இன்னும் பதில் வரல. படம் எப்படி இருக்கு?"

"பாத்தீங்களே பாய். இப்பத்தானே."

"நான் மடிப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

தேவநாதன் படத்தைக் கையில் எடுத்தார். அவருக்கு மூலைகள் தெரியும். ஓரங்கள் தெரியும். நடுவில் பார்த்தார்.

நேரம் ஆனது. பாய் அவசரப்படுத்தவில்லை.

"சிரிக்கல," என்றார் தேவநாதன். "சிரிக்கப் போறாங்க."

"ம்."

"கேமராவைப் பாக்கல. பக்கத்துல யாரோ வராங்க போல. அவங்களைப் பாக்குறாங்க. அதுக்குள்ள படம் எடுத்தவன் அவசரப்பட்டுட்டான்."

"ம்."

"ஒரு காதுல கம்மல் இல்ல. பாதி அலங்காரத்துல எழுந்து வந்திருக்காங்க."

மூடிய கண்களோடு பாயின் முகம் மெல்ல மலர்ந்தது. கோபம் இன்னும் அதில் இருந்தது. ஆனாலும் மலர்ந்தது. அவர் எதையோ முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் படம் இல்லை. கண் திறக்கவில்லை.

தேவநாதனுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

"அப்புறம்?" என்றார் பாய்.

"நெத்தி ஓரத்துல ஒரு முடி பிரிஞ்சிருக்கு," என்றார் தேவநாதன்.